பசிபிக் தீவு நாடுகளின் எரிசக்தி பாதுகாப்பு: பிராந்திய ஒத்துழைப்பு ஏன் அவசியம்?

பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு, கிரிபாட்டி, டோங்கா போன்ற சிறிய தீவு நாடுகள், மின்னுற்பத்திக்கும் போக்குவரத்துக்கும் இறக்குமதி எரிபொருளையே பெருமளவில் சார்ந்துள்ளன. எண்ணெய்க் கப்பல் தாமதமானாலோ, சர்வதேச சந்தையில் விலை உயர்ந்தாலோ, மருத்துவமனை முதல் மீன்பிடிப் படகு வரை அனைத்தும் பாதிக்கப்படும்.

இந்நாடுகள் ஒவ்வொன்றும் வாங்கும் எரிபொருளின் அளவு குறைவு. கப்பல் கடக்க வேண்டிய தொலைவோ மிக அதிகம். எனவே, தனித்து நின்று விலை பேசும் வலிமை அவற்றுக்கு இல்லை. சூரிய மின் நிலையங்களுக்கான உதிரி பாகங்கள், பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆகியவற்றிலும் இதே நிலைதான். கூட்டுக் கொள்முதல், பொதுவான தரநிலைகள், பகிரப்பட்ட பயிற்சி ஆகியவை இச்சுமையைக் குறைக்கும்.

இதற்காகவே, பசிபிக் சமூக அமைப்பின் கீழ் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கான பிராந்திய மையம் டோங்கா தலைநகர் நுகுஅலோபாவில் 2017-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது இந்தியாவும் பிரான்ஸும் அறிவித்த சர்வதேச சூரிய சக்தி கூட்டமைப்பிலும் பிஜி, நவ்ரு, துவாலு உள்ளிட்ட நாடுகள் இணைந்துள்ளன. இதன் தலைமையகம் ஹரியாணா மாநிலம் குருகிராமில் உள்ளது.

நியூஸிலாந்தின் ஆளுகைக்கு உள்பட்ட டோகெலாவின் 3 பவளத் தீவுகளில், 2012-இல் அமைக்கப்பட்ட சூரிய மின் நிலையங்கள் டீசல் மின்னுற்பத்திக்குப் பெருமளவில் மாற்றாக அமைந்தன. எனினும், உப்புக் காற்றில் சாதனங்கள் அரிக்கப்படுவதும், மின்கலன்களின் திறன் காலப்போக்கில் குறைவதும் தொடரும் சவால்கள். நிலையங்களை அமைப்பதற்கு மட்டுமன்றி, அவற்றைப் பல ஆண்டுகள் பராமரிப்பதற்கும் அண்டை நாடுகளின் கூட்டு முயற்சி இன்றியமையாதது.