கொண்டியும் நாதாங்கியும்

பெட்டிக்குக் காவல் பூட்டு என்பர். ஆயினும், அப்பூட்டைத் தாங்கி நிற்பவை கொண்டியும் நாதாங்கியுமே. அவை தளர்ந்தால், 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் பயன்படாது.

மாணவர்களே! தகரப் பெட்டியின் கொண்டி பெரும்பாலும் தானே உடைவதில்லை. நாமே அதனை உடைக்கிறோம். அளவுக்கு மேல் துணிகளைத் திணித்து, மூடியின்மேல் ஏறி அமர்ந்து, கொண்டியை மாட்டுகிறோம். உள்ளிருக்கும் துணி மூடியை ஓயாது மேல்நோக்கி உந்துகிறது. அவ்விசையைச் சிறு தறையாணிகளே தாங்குகின்றன. நாளடைவில் ஆணித்துளை அகன்று, கொண்டி கழன்றுவிடுகிறது. துரு ஏறிய இடத்தில் இக்கேடு விரைந்து நிகழும்.

பழுதுற்ற கொண்டியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தல் கூடாது. முதலில் கீலை நோக்குக. கீல் கோணினால் மூடி விலகும்; கொண்டி நாதாங்கியில் பொருந்தாது. துருவைத் தேய்த்து நீக்கி, ஒரு துளி எண்ணெய் இடுக. துளை அகன்றிருப்பின், உட்புறம் சிறு தகடு வைத்துப் புதிய ஆணி தறைக. வழிப்பயணத்தில் பழுது நேர்ந்தால், பெட்டியைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுதல் போதும்.

ஆனால், மோட்டார் வண்டியின் டிக்கிக்குக் கயிறு போதாது. அதன் மூடி சிறிது திறந்திருப்பினும், ஓடும் வண்டியின் பின்னே சுழலும் காற்று எஞ்சின் புகையை உள்ளே இழுத்து வரக்கூடும். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு நிறமும் மணமும் அற்றது. உயிரையும் கொல்ல வல்லது. ஆதலின், தாழைச் செப்பனிட்ட பின்னரே வண்டியைச் செலுத்துதல் வேண்டும். சிறு தாழ்தானே என்று இகழற்க.