தேக்கும் முன்வழங்கி

இணையதளத்தின் மூல வழங்கிக்கு முன்னால் நின்று, வாசகர் கேட்கும் பக்கத்தை ஏற்கெனவே எடுத்துவைத்த படியிலிருந்து கொடுக்கும் கணினியே தேக்கும் முன்வழங்கி. ரிவர்ஸ் பிராக்ஸி என்பது இதன் புழக்கப் பெயர்.

திருவாமாத்தூர் மாணவர் ஒருவர் ஊரின் அபிராமேசுவரர் கோயில் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் படிக்க நினைத்தால், கோரிக்கை அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2018 முதல் இயங்கும் சிங்கப்பூர் மையத்தில் படி இருந்தால் அங்கிருந்தே வந்துவிடும். கட்டுரையை யாரேனும் திருத்தினால் பழைய படி நீக்கப்படும்.

அமைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதைத் தேக்கக்கூடாது என்பதையே. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் தேக்க அமைப்பில் நேர்ந்த பிழையால், சிலருடைய கணக்குப் பக்கங்கள் பிறருக்குப் போயின. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே தெரிவித்தது. மதிப்பெண் பக்கத்தில் இப்படி நேர்ந்தால் அந்தப் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள்!

வார்னிஷ் மென்பொருள், நாம் மாற்றாதவரை, குக்கீயுடன் வரும் கோரிக்கையை மூல வழங்கிக்கே அனுப்பிவிடும். என்ஜின்எக்ஸில் இந்த விலக்கை நாமே எழுத வேண்டும். எழுதிய பின் இரண்டு உலாவிகளில் இரு வேறு கணக்குகளில் நுழைந்து, ஒரே பக்கத்தைத் திறந்து சரிபார்க்கவும்.