கண்புரை: தள்ளிப் போட வேண்டாம்!

சரக்கு, வரி, விலை நிலவரம் பற்றியே எழுதி வந்த நான் இம்முறை கண்ணைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

இரண்டாண்டுகளுக்கு முன் என் கடையில் இரவுக் கல்லாக் கணக்கு அடிக்கடி உதைத்தது. கடைப் பையனைச் சந்தேகப்பட்டு நாலு வார்த்தை கடுமையாகவும் பேசிவிட்டேன். ஒரு நாள் மாலை ஒரு வாடிக்கையாளர் அம்மா, "ஐயா, இருபது ரூபாய்க்குப் பதில் இருநூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டீர்கள்" என்று திருப்பித் தந்தார். அப்போதுதான் பிசகு பையனிடம் இல்லை, என் கண்ணில் என்று புரிந்தது. பையனிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, மறுநாளே கண் மருத்துவரிடம் சென்றேன்.

புரை என்பது என்ன?

கண்ணின் மேல் சதையோ சவ்வோ வளர்வதுதான் புரை என்று பலர் நினைக்கிறோம். அது தவறு. கருவிழிக்குப் பின்னால் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. வயது ஏற ஏற அதிலுள்ள புரதம் திரிந்து, கண்ணாடி போல் இருந்த லென்ஸ் மங்கிவிடுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் வெளுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். முதுமையே முக்கியக் காரணம். சர்க்கரை வியாதி, புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து, கடும் வெயில் ஆகியவை அதை விரைவுபடுத்தும்.

வலி இருக்காது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசும். நிறங்கள் மஞ்சள் பூத்துத் தெரியும். பருப்பில் வண்டு இருப்பதும், பாக்கெட்டில் பொடி எழுத்தில் உள்ள காலாவதித் தேதியும் தெரியாது. கண்ணாடியை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். சிலருக்குக் கண்ணாடி இல்லாமலே திடீரென்று பேப்பர் படிக்க வரும். "பார்வை திரும்பிவிட்டது" என்று மகிழ வேண்டாம். அதுவும் புரையின் அறிகுறியாக இருக்கலாம்.

சொட்டு மருந்தால் புரை கரையாது. தேன், தாய்ப்பால், பச்சிலைச் சாறு விடுவது கண்ணையே கெடுத்துவிடும். அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

அறுவை சிகிச்சை எப்படி?

மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸைப் பொருத்துவார்கள். 1949ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர்தான் முதன்முதலில் இதைச் செய்தார். போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கண்ணாடிச் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காமல் இருந்ததைக் கண்டு அவருக்கு இந்த யோசனை பிறந்தது. நம் நாட்டில் இது ஏழைகளுக்கும் எட்டியதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணி ஓய்வுக்குப் பின் 1976ல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். 1992ல் அவர்களே ஆரோலேப் மூலம் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியதும், வெளிநாட்டு லென்ஸை நம்பியிருந்த நிலை மாறி விலை வெகுவாகக் குறைந்தது. கொள்முதல் விலை குறைந்தால் சரக்கு எல்லோர் கைக்கும் போகும் என்பது நமக்குத் தெரியாததா? அவர்களின் புதுச்சேரி மருத்துவமனை 2003 முதல், நம் அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் சிறிது தூரத்திலேயே, தவளக்குப்பத்தில் இயங்குகிறது. கோரிமேட்டில் ஜிப்மரும் உண்டு.

முதல் நாள் பரிசோதனையில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிப்பார்கள். சில மணி நேரம் பார்வை கூசும். ஆகவே தனியாக வண்டி ஓட்டிச் செல்லாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். லென்ஸின் பவரை அளந்து கணக்கிடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், சிறுநீர் அடைப்புக்கு (புராஸ்டேட்) மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

சிகிச்சை பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கண் மட்டும் மரத்துப்போகும், நினைவு இருக்கும். ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் பேகோ முறையில் 2, 3 மில்லிமீட்டர் துளை போதும். மற்றொரு முறையில் துளை சற்றுப் பெரிது. அதிலும் பொதுவாகத் தையல் இல்லை. எந்த முறை, எந்த லென்ஸ் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விலை கூடிய லென்ஸ்தான் எல்லோருக்கும் ஏற்றது என்பதில்லை. சாதாரண லென்ஸில் தூரப்பார்வை தெளியும். பேரேடு எழுத, பில் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் எதற்கெல்லாம் பணம் கிடைக்கும் என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது.

பிறகு என்ன?

சில வாரங்களுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. மிளகாய் வற்றல், மாவுத் தூசி பறக்கும் கிடங்கின் பக்கம் மருத்துவர் சொல்லும்வரை போகாதீர்கள். வலி, சிவப்பு, பீளை, பார்வை குறைதல் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது ஆபத்து.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சிலருக்கு மீண்டும் மங்கலாம். புரை மறுபடி வருவதில்லை. லென்ஸைத் தாங்கும் உறைதான் மங்குகிறது. லேசர் மூலம் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். சர்க்கரையால் விழித்திரையோ, கண் நீர் அழுத்தத்தால் நரம்போ முன்பே கெட்டிருந்தால் பார்வை முழுதாகத் திரும்பாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"புரை பழுக்கட்டும்", "வெயில் குறையட்டும்", "தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்பார்கள் நம்மவர்கள். முற்றிய புரை கெட்டிப்பட்டுச் சிகிச்சையைக் கடினமாக்கும். கண் அழுத்தத்தையும் ஏற்றிவிடலாம். கோடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொழிலுக்கு இடைஞ்சல் என்று தோன்றும்போதே செய்துகொள்வது நல்லது.

ஆண்டுக்கொரு முறை இருப்புக் கணக்கு எடுக்கிறோம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் அந்த வாரத்திலேயே கண்ணையும் காட்டிவிடுங்கள். கல்லாவில் பணம் குறைந்தால், அடுத்தவரைக் கேட்பதற்கு முன் நம் கண்ணை ஒரு முறை கேட்டுக்கொள்வோம்.