திறன்பேசி வழி இதயத் துடிப்புக் கண்காணிப்பு

திறன்பேசி வழி இதயத் துடிப்புக் கண்காணிப்பு என்பது, திறன்பேசியையோ அதனுடன் இணைந்த சிறு கருவியையோ கொண்டு ஒருவர் தம் இதயத் துடிப்பின் வீதத்தையும் ஒழுங்கையும் தாமே பதிவு செய்துகொள்வது ஆகும். வீதம் என்பது ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்புகள் என்பது. ஒழுங்கு என்பது துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் சீராக உள்ளதா என்பது. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயமும் ஒழுங்கற்றுத் துடிக்கலாம் என்பதால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

தேவை

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் ஒழுங்கின்றி நடுங்கும் நிலை மேலறை நடுக்கம் எனப்படும். அப்போது இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் குருதி தேங்கி உறையக்கூடும். உறைந்த கட்டி பெயர்ந்து மூளையின் குருதிக் குழாயை அடைத்தால் பக்கவாதம் ஏற்படும். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு 1991 இல் வெளியிட்ட கணிப்பின்படி, இந்நிலை பக்கவாதம் வரும் வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. ஆயினும் பலருக்கு இந்நடுக்கம் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை; சிலருக்கு வந்து வந்து போகும். மருத்துவமனையில் 10 நொடிகள் எடுக்கப்படும் வரைவில் அது அகப்படாமற் போவது இயல்பே. எப்போதும் உடனிருக்கும் கருவியின் பயன் இங்குதான் உள்ளது.

வரலாறு

ஈ.சி.ஜி. எனப் பரவலாக அறியப்படும் இதய மின்னலை வரைவுக்கு வழிவகுத்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் பணியாற்றிய வில்லெம் ஐந்தோவன். இவரது கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் எடையுள்ளது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலன்களில் அமிழ்த்தி அமர வேண்டும். கருவியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல இயலாததால், 1905 இல் ஐந்தோவன் 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோயாளிகளின் இதய அலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வகத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். ஆக, தொலைபேசிக்கும் இதய வரைவுக்கும் உள்ள தொடர்பு நூறாண்டுக்கும் மேற்பட்டது. ஐந்தோவனுக்கு 1924 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

2010 இறுதியில் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஆல்பர்ட், ஐபோனின் முதுகில் பொருத்தும் உறை போன்ற மின்னலை வரைவியைக் காணொளி ஒன்றில் காட்டினார். அவரது அலைவ்கோர் நிறுவனத்தின் கருவிக்கு 2012 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இசைவளித்தது. 2018 இல் ஆப்பிள் கைக்கடிகாரத்திலும் இவ்வசதி சேர்க்கப்பட்டது.

செயற்படும் முறை

முதல் முறைக்குத் தனிக்கருவி எதுவும் தேவையில்லை. திறன்பேசியின் விளக்கை எரியவிட்டு, அதன் ஒளிப்படக்கருவியின் மேல் விரல் நுனியை வைக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பின்போதும் விரலில் குருதி மிகுகிறது. மிகுந்த குருதி மிகுதியான ஒளியை உறிஞ்சுவதால் படம் சற்றே இருளும். கண்ணுக்குப் புலப்படாத இம்மாற்றத்தை மென்பொருள் அலையாக வரைகிறது. இது நாடியை அளக்கிறதேயன்றி இதயத்தின் மின்செயலை அளப்பதில்லை.

இரண்டாவது முறை மின்னலை வரைவாகும். இரண்டு உலோகத் தகடுகளின் மீது இரு கை விரல்களையும் 30 நொடிகள் வைத்திருந்தால், கைகளுக்கிடையே தோன்றும் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு பதிவாகும். இது ஐந்தோவன் முதலாம் இணைப்பு என வகுத்ததே. உப்புநீர்க் கலன்கள்தாம் தகடுகளாகச் சுருங்கியுள்ளன. மேலறைகள் சீராகச் சுருங்குகையில் தோன்றும் பி அலை காணப்படாமலும், உயர்ந்த ஆர் முகடுகளின் இடைவெளி ஒழுங்கற்றும் இருப்பின் மேலறை நடுக்கம் எனக் கருதப்படும். அலைவ்கோரின் தொடக்ககாலக் கருவி, பதிவைச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியாக மாற்றித் திறன்பேசியின் ஒலிவாங்கிக்கே அனுப்பியது குறிப்பிடத்தக்கது.

ஆய்வுகள்

வேல்சில் 65 வயதுக்கு மேற்பட்ட 1001 பேரிடம் நடந்து 2017 இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக் காலம் வாரம் இருமுறை இக்கருவியைப் பயன்படுத்திய குழுவில் 19 பேருக்கும், வழமையான கவனிப்பைப் பெற்ற குழுவில் 5 பேருக்கும் மேலறை நடுக்கம் கண்டறியப்பட்டது. 2019 இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் பங்கேற்றனர்; அவர்களுள் 0.52 விழுக்காட்டினரே ஒழுங்கற்ற நாடி எச்சரிக்கை பெற்றனர்.

கண்டறிதல் வேறு, பக்கவாதத்தைத் தடுத்தல் வேறு. டென்மார்க்கில் 6004 பேரிடம் நடந்து 2021 இல் வெளியான லூப் ஆய்வில் தோலுக்கடியில் பதிவி பொருத்திக் கண்காணித்தனர். நடுக்கம் கண்டறியப்பட்டோர் 12.2 விழுக்காட்டிலிருந்து 31.8 விழுக்காடாக உயர்ந்தபோதும், பக்கவாதம் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கருவி வேறாயினும், அறிகுறியற்ற அனைவரையும் கண்காணிக்க வேண்டுமா என்ற வினாவை இவ்வாய்வு வலுவாக எழுப்பியது.

வரம்புகள்

நாடி அலையை மட்டும் கொண்டு மேலறை நடுக்கத்தை உறுதி செய்ய இயலாது. 2020 ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டல், மருத்துவர் பார்வையிட்ட மின்னலை வரைவையே சான்றாக ஏற்கிறது. குருதி உறைவைத் தடுக்கும் மருந்துகள் குருதிப்போக்கை உண்டாக்கக்கூடியவை ஆதலால், எச்சரிக்கை ஒன்றை மட்டும் நம்பி அவற்றைத் தொடங்குவது தீங்கானது.

இரு விரல்களால் எடுக்கும் வரைவு இதயத்தை ஒரு கோணத்திலிருந்து மட்டுமே காட்டும். மாரடைப்பு இல்லையென உறுதி கூற அது போதாது. நெஞ்சு வலி உள்ளவர் திரையில் "இயல்பு" எனக் கண்டு காத்திருத்தல் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திறன்பேசியிலுள்ள காந்தங்கள் உடலில் பொருத்திய இதயக் கருவிகளின் செயலை மாற்றக்கூடும் என்பது 2021 இல் சுட்டிக்காட்டப்பட்டது. இதய முடுக்கி பொருத்தியோர் திறன்பேசியைச் சட்டையின் மார்புப் பையில் வைக்காமல், கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.