வேலையும் விடக்கூடாது, ஆய்வும் நிற்கக்கூடாது

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. திருத்தணி ரயில் நிலையத்தில் சென்னை மின்சார ரயிலிலிருந்து இறங்கிய ஒரு தங்கை என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். பக்கத்துக் காலனிப் பெண். அப்பா செங்கல் சூளையில் வேலை, அம்மா ஏரி வேலைக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர்தான். தபால் வழியில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார்.

"அண்ணா, டாக்டர் பட்டத்துக்குச் சேரப் போறேன்" என்று செல்பேசியை நீட்டினார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் விளம்பரம். 'உயர்கல்வித் தலைமை' என்ற பாடத்தில் முனைவர் பட்டம். எல்லாம் இணைய வழியில். வேலையை விட வேண்டாம், நுழைவுத் தேர்வு இல்லை, தவணையில் பணம் கட்டலாம்.

"முதல் தவணைக்கு நகையை வச்சிடலாம்னு அம்மா சொல்லுது" என்றார்.

"நகையை வைக்காதேம்மா. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வா, பேசலாம்" என்றேன். மறுநாள் அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே விளம்பரம் இன்னும் எத்தனை காலனிப் பிள்ளைகளின் செல்பேசிக்கு வந்திருக்கிறதோ தெரியவில்லை.

எம்.ஏ. செல்லும், பிஎச்.டி. செல்லாது

அமெரிக்காவில் கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் வேலை பார்த்துக்கொண்டே உயர்கல்வித் தலைமை என்ற துறையில் இணைய வழியில் முனைவர் பட்டம் பெறுகிறார்கள். அங்கே அது முறையான படிப்பு. இந்தியாவில் கதை வேறு. தொலைதூரக் கல்வியிலோ இணைய வழியிலோ பிஎச்.டி. நடத்தக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. 2022 நவம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறையும் இதையே சொல்கிறது. அதற்குச் சில நாள் முன்பு, 2022 அக்டோபரில், மானியக் குழுவும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விட்டன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் இணையவழிப் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்பதுதான் அது.

நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைதூர வழியில் படித்த பி.ஏ.வும் எம்.ஏ.வும் நேரடிப் படிப்புக்குச் சமம். அதை வைத்து பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். அந்த பிஎச்.டி.யை மட்டும் தபாலில் படிக்க முடியாது.

அப்படியானால் வேலையில் இருப்பவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் பகுதிநேர ஆய்வு. இதை விதி தெளிவாகவே அனுமதிக்கிறது. முழுநேர ஆய்வாளருக்கு உள்ள அதே நுழைவு, அதே பாடநெறித் தாள்கள், அதே வாய்மொழித் தேர்வு. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், பட்டியலினத்தாருக்கு 50 போதும். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு, மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. 2024 முதல் நெட் தேர்விலேயே பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் என்று ஒரு தகுதி வைத்திருக்கிறார்கள்.

கல்வி நிர்வாகத்தையே ஆராய வேண்டும் என்றாலும் இடம் இருக்கிறது. டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் (நீபா) கல்வித் துறையில் பணியாற்றுவோருக்குப் பகுதிநேர பிஎச்.டி. நடத்துகிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பற்றியே முதுநிலைப் பட்டயம் இருக்கிறது.

தலைமை நாற்காலியின் முதல் வாசல்

ஏன் இந்தப் பட்டத்துக்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். 2018ஆம் ஆண்டு மானியக் குழு விதிப்படி, கல்லூரி முதல்வராக வேண்டுமானால் முனைவர் பட்டமும் பதினைந்து ஆண்டு அனுபவமும் வேண்டும். துணைவேந்தராக வேண்டுமானால் பேராசிரியராகவோ, பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக அமைப்பிலோ பத்து ஆண்டு இருந்திருக்க வேண்டும். பேராசிரியர் பதவிக்கும் முனைவர் பட்டம் தேவை. அந்தப் பட்டம் இல்லாதவர் உயர்கல்வியில் முடிவெடுக்கும் அறைக்குள் நுழைய முடியாது.

இந்த ஊரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கும் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அது நம் ஊருக்குப் பெருமை. அதே ஊரின் காலனியிலிருந்தும் அப்படி ஒருவர் வர வேண்டும் என்பது நம் ஆசை. நடக்காத காரியமல்ல. கே.ஆர்.நாராயணன் 1979இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். சுக்தேவ் தோரட் 2006 முதல் 2011 வரை மானியக் குழுவுக்கே தலைவராக இருந்தார். இருவரும் தலித்துகள்.

அண்ணலும் சம்பளம் சேர்த்துத்தான் படித்தார்

வேலைக்கும் ஆய்வுக்கும் இடையே அல்லாடிய முதல் ஆள் நீங்களல்ல. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், 1916இல் லண்டனில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் அரசாங்க வேலை கிடைத்தது, தங்க வீடு கிடைக்கவில்லை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் சக ஆசிரியர்கள் அவர் பொதுத் தண்ணீர்ப் பானையைத் தொடுவதை எதிர்த்தார்கள். அவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார், நண்பரிடம் கடன் வாங்கினார், கோலாப்பூர் சாகு மகாராஜரும் உதவினார். 1920இல் மீண்டும் லண்டன் போய், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கொலம்பியாவின் பிஎச்.டி. 1927இல்தான் முறைப்படி கைக்கு வந்தது. முதலில் கப்பலேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு ஆண்டு.

நம் காலத்திலும் உதாரணம் உண்டு. தடய அறிவியல் துறையில் அரசு வேலை பார்த்து, அதை விட்டு அரசியலுக்கு வந்த தொல். திருமாவளவன், கட்சித் தலைவராக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே 1981ஆம் ஆண்டு மீனாட்சிபுரம் மதமாற்றத்தை ஆராய்ந்து, 2018இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 56.

எங்கே இடறுகிறோம்?

பாதை இருக்கிறது என்பதால் முள் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் முள், பணம். பட்டியலினத்தாருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை முழுநேர ஆய்வாளருக்குத்தான். தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர் நலத் துறை வழியாக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதும் முழுநேர ஆய்வாளருக்குத்தான். அப்பா கடனை அடைக்கவும் தம்பியைப் படிக்க வைக்கவும் வேலைக்குப் போகிற பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இரண்டாவது, தடையின்மைச் சான்று. பகுதிநேரத்தில் சேர, வேலை தருபவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆய்வு செய்ய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று அதில் இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக மேசை மேசையாக அலைந்து, சேர்க்கைத் தேதி போய்விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

மூன்றாவது, நெறியாளர். பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறிப்படுத்த முடியாது. இடம் காலியா என்று கேட்டால் 'நிரம்பிவிட்டது' என்பார்கள். நம்பிவிட்டுத் திரும்பாதீர்கள். காலியிடங்களை முன்கூட்டியே இணையதளத்தில் அறிவிக்க வேண்டும், இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்பது விதி. அறிவிக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

செய்ய வேண்டியவை

அரசிடம் நம் கோரிக்கை மூன்று. பகுதிநேரத் தலித் ஆய்வாளருக்குக் கல்விக் கட்டணத்தையாவது அரசு ஏற்க வேண்டும். தடையின்மைச் சான்றுக்கு நாள் கெடு வைக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பகுதிநேர இடங்களிலும் 18 விழுக்காடு, அதில் அருந்ததியருக்கான 3 விழுக்காடு, நிரப்பப்பட்ட கணக்கை ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். பணம் கட்டும் முன் மானியக் குழுவின் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். 'சோத்கங்கா' தளத்தில் உங்கள் துறையின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பத்தையாவது படித்துவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குச் செல்பேசி போதும். விடுமுறை நாளில் ரயிலேறினால் கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எட்டும் தூரம்தான். தலைப்புக்கு வெளியே தேட வேண்டாம். எல்லையோரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நம் தெருவும், சூளையிலிருந்து பள்ளிக்கு வரும் குழந்தையும், கல்லூரி அலுவலகத்தில் சாதிச் சான்றோடு வரிசையில் நிற்கும் மாணவியும் இன்னும் முழுமையாக ஆராயப்படாத பாடங்கள்.

அந்தத் தங்கை பணம் கட்டவில்லை. இப்போது நெட் தேர்வுக்குப் படிக்கிறார். போகவர ஐந்து மணி நேர ரயில் பயணம்தான் அவருடைய படிப்பறை. தன் கல்லூரியிலேயே தலித் மாணவிகள் எந்தப் பருவத்தில், எதனால் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பதை ஆராயப் போவதாகச் சொல்கிறார். தடையின்மைச் சான்றுக்கு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறார். அம்மாவின் நகை அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.