கல்லைத் துளைத்தது யார்?

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பேசுவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் ஏதாவது ஒழுங்கையில் புதுக்கிணறு வெட்டுகிறார்கள் என்றால், கொஞ்சம் நின்று பார்க்கலாம். மேலே செம்மண், பல இடங்களில் அது ஓர் ஆள் உயரம்கூட வராது. அதன் கீழே வெளிறிய கல். வேலியோரம் குவித்த கற்களில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் சிப்பி அச்சும் முருகைத் துண்டும் தெரியும்.

இலங்கையின் பெரும்பகுதி 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறை. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் அதற்கு முன் குழந்தை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் என்னும் காலத்தில், இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. சிப்பியும் முருகையும் சிற்றுயிர்களும் மடிய, அவற்றின் ஓடுகள் அடியில் படிந்து கல்லாக இறுகின. பெரிதாக மடிப்போ புரட்டலோ காணாததால் அடுக்குகள் இன்றும் கிட்டத்தட்டக் கிடையாகவே கிடக்கின்றன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குத் தோண்டிய கற்குழிகள் 1990இல் வேலை நின்ற பிறகும் அந்த வெட்டுமுகத்தைக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

இனி அந்தக் கல்லில் உள்ள ஓட்டைகளைப் பார்ப்போம். கீரிமலைக் கரையில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் அலை அரித்தது என்றுதான் சொல்வார்கள். கரையில் அலைக்கும் பங்கு உண்டு. ஆனால் கடல் எட்டாத புத்தூரிலும் உரும்பிராயிலும் அதே ஓட்டைகள் ஏன்? உற்றுப் பாருங்கள்: துளைகள் மேலிருந்து கீழே இறங்குகின்றன, உள்ளே செம்மண் அடைத்திருக்கிறது. வந்தது மேலிருந்துதான். மழை!

மழைநீர் காற்றிலும் வேர் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. சோடாவில் குமிழியிடும் அதே வாயுதான். நீரைச் சற்றே புளிப்பாக்கும். சுண்ணாம்புக்கல்லைச் சுரண்டி, அந்தப் பொடியில் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்துக் கரையும். தேசிக்காய் நொடியில் செய்வதை மழை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் செய்கிறது. வெடிப்பு துளையாகும், துளை குகையாகும், கூரை இடிந்தால் நிலாவரை போன்ற கிணறாகும்.

நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கல்லுக்குள் வழிகள் ஒன்றோடொன்று தொடுத்திருப்பதை அறிந்தவர்கள் சொன்ன கதை அது. எனக்கு அதில் பெரிய மதிப்பு. மழை அந்த வழிகளால் இறங்கிவிடுவதால்தான் நமக்கு வற்றாத ஆறு இல்லை. மாரியில் மட்டும் வழுக்கையாறு ஓடும். இறங்கிய நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. நாம் இறைப்பது அதைத்தான்.

மழையோடு தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் கழிவும் அதே வழிகளால் இறங்குகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. ஆகவே வளவில் மலசலகூடக் குழி வெட்டும்போது, செம்மண் அடைத்த வெடிப்பு கல்லில் தெரிந்தால், தயவுசெய்து இடத்தை மாற்றுங்கள். அந்த வெடிப்பு உங்கள் கிணற்றுக்கோ அயலவர் கிணற்றுக்கோ போகிற வழியாக இருக்கலாம்.