விளக்கு திரும்பும் அதிசய கார்!

ஓசூரில் பிரெஞ்சு "சிட்ரோன்" கார்களுக்குக் கியர் பெட்டி தயாராகிறது. அந்தக் கம்பெனியின் பழைய கார் ஒன்றுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. அதன் பெயர் "எஸ்.எம்."

1970-ல் வெளிவந்தது. இத்தாலியின் மசராட்டி என்ஜின்; 6 சிலிண்டர். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகம்!

மாடு போல...

மாடு முன்னால் நின்று வண்டியை இழுக்கிறது அல்லவா? அதுபோல் இந்தக் காரை முன் சக்கரங்களே இழுத்தன.

முன்பக்கம் 6 விளக்குகள். ஸ்டீரிங்கைத் திருப்பினால் 2 விளக்குகள் கூடவே திரும்பும். இருட்டிலும் வளைவு தெரியும்!

விலை ஏறியது

1973-ல் பெட்ரோல் விலை எகிறியது. வாங்குவோர் குறைந்தனர். 1975-ல் உற்பத்தி நின்றது. மொத்தம் 12,920 கார்கள்தான்.

கார் போனது, முறை போகவில்லை. 2022-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த சிட்ரோன் "சி-3" காரையும் முன் சக்கரங்களே இழுக்கின்றன!